முட்டைக்கு வலிக்காமல் பிடிப்பது எப்படி?

கேள்வி: இரும்புக் கை இருக்கும்போது ரோபோவுக்கு ரப்பர் கை எதற்கு? (வாசகர், நத்தக்காடையூர்)

பதில்: இரும்புக் கையைத் தக்காளிப் பெட்டிக்குள் விட்டுப் பாருங்கள், சட்னி தயார்! எங்கே பிடிப்பது, எவ்வளவு அமுக்குவது என்று எல்லாவற்றையும் அதற்குக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். ரப்பர் கை, பொருளுக்கு ஏற்றபடி தானே வளைந்துகொள்ளும். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பலூனுக்குள் காப்பித்தூளை நிரப்பி, பொருளின் மேல் அமுக்கி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சினார்கள். தூள் இறுகியது, பச்சை முட்டை உடையாமல் மேலே வந்தது. அந்தக் கைக்கு விரலே கிடையாது!

கேள்வி: நாங்களே செய்ய முடியுமா? (பாலிடெக்னிக் மாணவர், காங்கேயம்)

பதில்: தாராளமாக. ஒரு ரப்பர் விரலில் தொடங்குங்கள். உள்ளே வரிசையாகச் சிறு காற்றறைகள் அமையும்படி 3டி பிரிண்டரில் அச்சு எடுங்கள். இரண்டு பாகமாக வரும் சிலிக்கோன் ரப்பரைக் கலந்து, வேக்குவத்தில் வைத்துக் குமிழிகளை வெளியேற்றிய பிறகு ஊற்றுங்கள். குமிழி தங்கிய இடத்தில்தான் விரல் வெடிக்கும். கடைசியாக அடிப்பக்கத்தில் நீளாத துணி ஒன்றைப் பதிக்க வேண்டும். காற்று ஏறினால் மேல்பக்கம் நீளும், அடிப்பக்கம் நீளாது, விரல் மடங்கும். சூட்சுமம் முழுக்க அந்தத் துணியில் இருக்கிறது. திருப்பூர் பனியன் துணி இழுபடும், ஆகாது. சென்னிமலை பெட்ஷீட்டில் ஒரு துண்டு போதும். 2011-இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு, துணிக்குப் பதிலாக விறைப்பான இன்னொரு ரப்பரை வைத்து நட்சத்திர மீன் வடிவில் ஒரு கை செய்தது. அதுவும் பச்சை முட்டையைத்தான் தூக்கிக் காட்டியது.

கேள்வி: கொப்பரைக் களத்தில் தேங்காய்த் தொட்டி நீக்கும் பெண்களின் வேலையை இது பறித்துவிடுமா? (வாசகி, வெள்ளகோவில்)

பதில்: இந்த ரப்பரால் முடியாது. உடைந்த தொட்டியின் விளிம்பு பட்டாலே கிழிந்துபோகும். கொப்பரையும் நசுங்குகிற சரக்கு அல்ல. தக்காளி, கொய்யா, நாமக்கல் முட்டை, இவைதான் இதற்கு ஏற்ற வேலை.

கேள்வி: எங்கள் பக்கம் இப்படி ஏதாவது ஏற்கெனவே இருக்கிறதா? (வாசகர், ஊதியூர்)

பதில்: கறவை மெஷின் வைத்திருக்கும் கட்டுத்தரைக்குப் போங்கள். காம்பைச் சுற்றியுள்ள ரப்பர் குழாய், காற்றழுத்தம் மாற மாற நிமிடத்துக்குச் சுமார் 60 முறை அமுங்கி விரியும். மாடு உதைக்காமல் நிற்பதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா? மாணவர்கள் அதை ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். மாட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ரப்பரில் வெடிப்பு கண்டால் உடனே மாற்றிவிடுங்கள், மடிநோய்க்கு அது வழிவிடும்.