"ஒண்ணும் ஆகாது" முதலான ஐந்து வாக்கியங்களும் கார் பழுதுபார்ப்பில் அவற்றின் விளைவுகளும்

கார் பழுதுபார்ப்புப் பிழை என்பது, காரை மெக்கானிக்கிடம் விடாமல் தாமே சரிசெய்ய முற்படும் உரிமையாளர் காருக்கோ தமக்கோ தேடிக்கொள்ளும் சேதத்தின் தொடக்கப்புள்ளி. சேதம் காரோடு நின்றால் அது செலவு எனப்படும். உரிமையாளருக்கும் பரவினால் அனுபவம் எனப்படும். அனுபவத்தில் செலவும் அடக்கம்.

இப்பிழைகளை எஞ்சின், பிரேக், பேட்டரி என்று பாகவாரியாகப் பிரிப்பது கையேடுகளின் வழக்கம். பிழை எங்கே நடந்தது என்பதை அப்பகுப்பு சொல்லும். நடக்கப்போகிறது என்பதைச் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு பிழைக்கும் சற்று முன்னர், செய்பவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளிப்படுகிறது. அவ்வாக்கியங்கள் ஐந்து. அவற்றைக் கொண்டு பிழைகளை வகைப்படுத்துவதில் நடைமுறைப் பயனும் உண்டு: அருகில் நிற்பவர் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

முதற்பொருள்: நிலம், வீட்டு வாசலின் சாய்தளம், பொழுது, ஞாயிறு முற்பகல். கருப்பொருள்: லுங்கி, ரப்பர் செருப்பு, காரோடு வந்த ஜாக்கி, எண் தேய்ந்த ஸ்பானர், பனியன் வேஸ்ட், கட்டிங் பிளேயர். இவற்றுள் கட்டிங் பிளேயர் எல்லா ஸ்பானருக்கும் பதிலி. ஆறுமுகமாய் இருந்த நட்டு உருண்டையாவது அதன் அருளால்தான்.

முதல் வாக்கியம்: "ரெண்டே நிமிஷம்." காருக்கு அடியில் நுழையும்போது சொல்லப்படுவது. சிறிய கார்கூட ஒரு டன்னை ஒட்டிய எடை கொண்டது. காரோடு தரப்படும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி ஒருவர் அடியில் படுப்பதற்கு அன்று. சாய்தளத்தில் அது நேராகவும் நிற்காது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் பிடிமானம் பாதியாகிவிடும். இதை உணர்ந்த சிலர் பாதுகாப்புக்கென்று செங்கல் அடுக்குவர். செங்கல் வளையாது, நெளியாது, முன்னறிவிப்பும் தராது, பிளந்துவிடும். உரிய முறை சமதரை, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, வண்டிக்கு அடியில் ஜாக்கி ஸ்டாண்டு. ஸ்டாண்டு வைப்பதற்கும் ரெண்டே நிமிஷம்தான் ஆகும் என்பது கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

இரண்டாம் வாக்கியம்: "இதுக்குள்ள ஆறியிருக்கும்." ரேடியேட்டர் மூடியைத் திறக்கும்போது சொல்லப்படுவது. மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்ற எண் பொறித்திருப்பதைப் பல கார்களில் காணலாம். வெளிக்காற்றைவிட அவ்வளவு பார் அழுத்தம் கூடுதலாக உள்ளே தங்கும் என்பது அதன் பொருள். அவ்வழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி உயர்கிறது. மூடி திறந்த கணத்தில் அழுத்தம் விலக, 100 டிகிரியைத் தாண்டி அடங்கிக் கிடந்த நீர் ஒரே நேரத்தில் கொதித்து, திறந்தவரின் முகத்தை நோக்கி எழும்பும். பிரஷர் குக்கரிலும் நடப்பது இதுவே. ஆயினும் குக்கரை ஆவி அடங்குமுன் திறக்கக் கூடாதென்று மனைவிக்கு எடுத்துச் சொல்பவர்கூட ரேடியேட்டருக்கு அந்த மரியாதையைத் தருவதில்லை. கைக்குத் துணி சுற்றிக்கொள்வது முன்னெச்சரிக்கையாகக் கருதப்படுகிறது. துணி கையை மட்டுமே மூடும்.

மூன்றாம் வாக்கியம்: "பன்னெண்டு வோல்ட்தானே." ஐந்தில் முழுவதும் உண்மையான வாக்கியம் இது ஒன்றே, ஆகவே மிகவும் ஏமாற்றுவதும் இதுவே. 12 வோல்ட் பொதுவாக ஷாக் அடிக்காது. ஆனால் எஞ்சினைச் சுழற்றுவதற்காகவே நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரவல்லது கார் பேட்டரி. பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பானரும் மோதிரமும் சேர்ந்து பாலம் அமைத்தால், மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். கல்யாண மோதிரத்தைக் கழற்றுவது அமங்கலம் என்போர் விரலைப் பற்றியும் யோசிப்பது நலம். நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும் என்ற விதியின் காரணமும் இதுவே: பாடி முழுவதும் நெகட்டிவோடு இணைந்தது. இதே வகையைச் சேர்ந்தது, போன ஃபியூசுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பது. ஃபியூசில் நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20, பச்சை 30. வெள்ளித்தாளுக்கு எண் கிடையாது. அது எளிதில் போகாது. டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள வயர் போகும், தீயுடன்.

நான்காம் வாக்கியம்: "ரெண்டு சொட்டு விட்டா சரியாயிடும்." தையல் மிஷினுக்கும் கதவுக் கீலுக்கும் பொருந்துவது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற கொள்கையிலிருந்து பிறப்பது. பிரேக் கீச்சிடுகிறதென்று டிஸ்க்கில் எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும், கார்தான் நிற்காது. பிரேக் ஆயில் குறைகிறதென்று அதன் டப்பாவில் எஞ்சின் ஆயில் ஊற்றுவது மற்றொன்று. பெயரில் ஆயில் இருப்பினும் பிரேக் ஆயில் பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். எஞ்சின் ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். பலன் அன்றே தெரியாமல், ஏதோ ஓர் இறக்கத்தில் தெரியவருவது இவ்வகையின் சிறப்பு.

ஐந்தாம் வாக்கியம்: "ஒண்ணும் ஆகாது." மற்ற நான்கையும் தன்னுள் அடக்கிய பொது வாக்கியம். தனித்து வருமிடங்கள் இரண்டு. ஒன்று, பெட்ரோலில் பாகங்களைக் கழுவுதல். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம். சித்திரை வெயிலில் அதற்கு வேறு ஊக்கம் தேவையில்லை. நாலடி தள்ளி நின்று பீடி பற்றவைப்பது போதுமென்று கருதப்படுகிறது. ஆவியோ காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது; தரையோடு தவழ்ந்து பீடியைத் தேடி வரும். மற்றொன்று, மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே எஞ்சினை ஓடவிடுதல். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் அசதியும் வரவே, வேலை செய்பவர் அங்கேயே சற்று உட்கார்ந்து இளைப்பாறுவார். பிழை முற்றுப்பெறுவது அப்போதுதான்.

வேலை முடிந்து பானெட்டை மூடிய பின் கேட்கும் "இது எதோட போல்ட்?" என்பது வினா ஆதலால் எண்ணிக்கையில் சேராது. அதற்குரிய மரபான விடை, போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மாற்று எளியது: ஸ்டாண்டுக்கு இரண்டு நிமிடம், ரேடியேட்டருக்கு எஞ்சின் முழுதும் ஆறும் நேரம், மோதிரத்துக்குச் சில நொடி, ஃபியூசுக்குச் சில ரூபாய், ஷட்டருக்கு ஒரு தள்ளு. பிழையால் மிச்சமாவது இவ்வளவே.

புறனடை: தேர்ந்த மெக்கானிக்குகளும் இவ்வாக்கியங்களைச் சொல்வதுண்டு. வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டால் "ரெண்டே நிமிஷம் சார்", எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் "ஒண்ணும் ஆகாது சார்". அவ்விடங்களில் உயிருக்கு ஆபத்தில்லை.