பலாப்பழம் சுமக்கும் பாக்கியம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய தலம். தலபுராணத்தில் ராசேந்திர சோழன் வருகிறான், பொன்னிற உடும்பு ஒன்று வருகிறது, அது புற்றுக்குள் நுழைகிறது, தோண்டினால் உடும்பின் வால் போல ஒரு லிங்கம். பக்தர்கள் இந்த இடத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் அதற்கு முந்தின அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறவன். அந்த அத்தியாயம் ஒரு வேலைத் தகராறு.

ஊரில் ஓர் அதிசயப் பலாமரம். தினம் ஒரு பழம் தரும். அந்தப் பழம் நாள் தவறாமல் தில்லை நடராசருக்குப் போய்ச் சேரவேண்டும், பிரசாதம் தனக்கு வரவேண்டும் என்பது அரசனின் ஆணை. சுமப்பது யார்? ஊரார்தான். முறை வைத்து, தலையில் வைத்து, கால்நடையாக. ஒரு நாள் முறை ஒரு பையனுக்கு வந்தது. அவன் பழத்தைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். இது நிற்கிறவரை இந்த ஊருக்கு விடிவு கிடையாது என்று முடிவுகட்டி, மரத்தை எரித்துவிட்டான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மாகறலிலிருந்து சிதம்பரம் நேர்கோடு போட்டு அளந்தாலே 140 கிலோமீட்டருக்கு மேல். தலையில் பலாவோடு ஒருவன் நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் போக ஐந்து நாள், வர ஐந்து நாள். தினம் ஒரு பழம் என்றால் எந்த நாளில் எண்ணினாலும் பத்துப் பேர் சாலையில் இருப்பார்கள். பத்துப் பேரின் உழவு, பத்துப் பேரின் அறுவடை, பத்து வீட்டுக் கூரை அப்படியே கிடக்கும். ஐந்து நாள் வெயிலில் வந்த பலாவின் வாசனையை நடராசர் எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்பது தனிக் கேள்வி.

இத்தனைக்கும் உத்தரவு போட்டவன் சாமானியன் இல்லை. 1025 வாக்கில் கடல் கடந்து கடாரம் வரை கப்பற்படை அனுப்பியவன். கடாரத்துக்குக் கப்பல் விட்டவனிடம் மாகறலுக்கு அனுப்ப ஒரு மாட்டுவண்டி இல்லை! வண்டிக்குக் காசு ஆகும், பையன் சும்மாதானே இருக்கிறான். நிர்வாகவியல் பாடம் ஒன்று ஆயிரம் வருடம் மாறாமல் இருக்கிறது என்றால் அது இதுதான்.

இன்று அந்தப் பலாமரத்துக்கு ‘கிரியேட்டிவ் இண்டஸ்ட்ரி’ என்று பெயர். விளம்பர நிறுவனம், அனிமேஷன் கூடம், சீரியல் எழுத்தறை, சினிமா டிஸ்கஷன் ரூம். தினம் ஒரு பழம் காய்க்கும், தினம் ஒருவன் சுமப்பான். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு டீம் லீட் வருவார். “தம்பி, ஒரு சின்னக் கரெக்‌ஷன்தான். மண்டே காலைல கிளையண்ட்டுக்குக் காட்டணும்.” சின்னக் கரெக்‌ஷன் என்றால் லோகோவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றுவது. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு லோகோவையும் மாற்றச் சொல்வார்கள். திங்கட்கிழமை காலை முதலில் அனுப்பியதே நன்றாக இருந்தது என்று முடிவாகும்.

கூலியைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். “கரும்பு தின்னக் கூலியா?” என்பார்கள். பிடித்த வேலை, கலை வேலை, ஊரில் சொல்லிக்கொள்ளப் பெருமையான வேலை. இதற்குச் சம்பளம் வேறா? செய்யாற்றுப் பக்கம் வளர்ந்தவர்களிடம் இந்தப் பழமொழியைச் சொல்லக் கூடாது. எங்களுக்குக் கரும்பும் தெரியும், ஆலையும் தெரியும். ஆலைக்குள் போன கரும்பு எதையும் தின்று நான் பார்த்ததில்லை. மறுபக்கம் சக்கையாகத்தான் வெளியே வரும்.

காஞ்சிபுரத்துக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. பட்டுச்சேலையில் உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து ஒன்றோடொன்று பிணைப்பதுதான் கோர்வை. துணி கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர் பெருமையாக இழுத்துக் காட்டுவாரே, அது. கோர்வைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம் நாடாவை அனுப்ப, மறுபக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடை கொடுக்க இன்னொருவர். அந்த இன்னொருவர் வெகுகாலம் ஒரு குழந்தை. வீட்டார் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறிக்குழிக்குப் போன பிள்ளை. 2003 சனவரியில் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறார் பற்றி அறிக்கை வெளியிட்டபோது காஞ்சிபுரத்துக்கும் அதில் இடம் கிடைத்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்து அப்போது 27 வருடம் ஆகியிருந்தது. ‘பரம்பரைக் கலை, சின்ன வயதில் பழகினால்தான் விரல் வளையும்’ என்று சமாதானம் சொன்னார்கள். மணமேடையில் பளபளத்த கரைகளில் எத்தனை எட்டு வயது விரல்கள் ஓடியிருக்கின்றன என்று எந்த மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டதில்லை. எடை மட்டும் கேட்டார்கள்.

முன்பணம் என்ற சொல் இப்போது நாகரிகமாகிவிட்டது. ‘பாண்ட்’ என்கிறார்கள். பயிற்சி கொடுக்கிறோம், இரண்டு வருடம் விலகக் கூடாது, விலகினால் இத்தனை லட்சம், அதுவரை ஒரிஜினல் சர்டிஃபிகேட் எங்கள் பீரோவில். தறிக்குழி ஏசி அறையாகிவிட்டது. கால் தொங்கப் போட இடம் இருக்கிறது, முன்னேற்றம்தான்.

சட்டம் இல்லையா என்பீர்கள். ஏன் இல்லை! சென்னை மாகாணம் 1947இலேயே கடைகள், நிறுவனங்களுக்குச் சட்டம் எழுதிவைத்தது. நாளைக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 48. கூடுதல் நேரம் பார்த்தாலும் நாளைக்கு 10 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு இரட்டிப்புக் கூலி. அதே சட்டத்தில் சின்னதாக ஒரு சந்து: நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவன் விசிட்டிங் கார்டில் எப்படி ‘அசோசியேட் மேனேஜர்’ ஆனான் என்று இப்போது புரிகிறதா? அவன் நிர்வகிப்பதற்கு அவனுடைய பசியைத் தவிர வேறு ஆள் கிடையாது. 2021இல் கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை கொடுக்கச் சொல்லித் தமிழ்நாடு சட்டம் திருத்தியது, நல்ல காரியம். எழுந்து வீட்டுக்குப் போவதற்கும் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் இந்தப் பிள்ளைகள் கும்பிடுவார்கள்.

ஆனால் இந்த மாநிலத்துக்கு நூற்றாண்டு விழா கொண்டாடத் தெரியும். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, அதே சென்னையின் சட்டமன்றம் தொழிற்சாலைகளில் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. சிங்காரவேலருக்கு இதைவிடப் பொருத்தமான மலர்வளையம் யார் வைப்பார்? கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் மசோதாவை நிறுத்திவைத்து, மே தினத்தன்று மேதினப் பூங்காவில் வைத்தே திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். கேட்காமல் கிடைத்ததா? எதிர்த்ததால் கிடைத்தது. அந்தப் பத்து நாளையும் நம் கலைக் கூடங்களில் யாராவது கவனித்திருப்பார்களா? வாய்ப்பில்லை. டெட்லைன் இருந்திருக்கும்.

அப்புறம் பெரியவர்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்களுக்கு வாரம் 70 மணிநேரம் குறித்துக்கொடுத்தார். 2025 சனவரியில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் ஏலத்தை 90க்கு ஏற்றி, வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் விசாரித்தார். பழம் சுமக்காத அரசர்கள். நடைக்கு நாள் குறிக்க இவர்களைவிட்டால் யார்? அதே வருடம் தீபிகா படுகோன் எட்டு மணிநேரம் மட்டும் நடிக்கக் கேட்டதாகச் செய்தி வந்ததும் நாடே பட்டிமன்றம் நடத்தியது. அவர் நட்சத்திரம், கேட்டால் பட்டிமன்றமாவது நடக்கும். உதவி இயக்குநர் கேட்டால் அடுத்த நாள் வேறு உதவி இயக்குநர் வருவார்.

அரசர்களைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதவர்கள் முன்பு ஒரு தரம் பழம் சுமந்தவர்கள். “நாங்கல்லாம் அந்தக் காலத்துல டைரக்டருக்கு டீ வாங்கி, அவர் பையனை ஸ்கூல்ல விட்டு, ஆபீஸ் மொட்டை மாடியிலயே படுத்துக் கிடந்தோம். இப்ப வர்ற பசங்க ஆறு மணிக்கே பேக்கைத் தூக்குறானுங்க.” கழுத்து வளைந்துபோன மனிதர், வளைந்த கழுத்தைத் தடவிக்கொண்டே, நிமிர்ந்து நடக்கிறவனைத் திட்டுகிறார். அரசன் ஆளே அனுப்ப வேண்டாம். ஊர்க்காரனே போதும், காவலுக்கு.

சுமந்தால் கடைசியில் மரியாதையாவது கிடைக்குமா? பாண்டிச்சேரிப் பையனும் புலியும் கடலில் மிதக்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்டு ஹ்யூஸ் நிறுவனம் அதே மாதம்தான் திவாலுக்கு மனுப் போட்டிருந்தது. விருது வாங்கியவர் மேடையில் அந்தத் துயரத்தைச் சொல்லத் தொடங்கியதும் ‘ஜாஸ்’ படத்தின் சுறா இசையைப் போட்டுப் பேச்சை அமுக்கினார்கள். புலிக்குக் கைதட்டல், புலி செய்தவனுக்குச் சுறா.

மாகறலுக்குத் திரும்புவோம். அரசன் விசாரணை வைத்தான். ஏன் இந்த முறை வைத்தாய் என்று அரசனை யாரும் கேட்கவில்லை. ஏன் எரித்தாய் என்று பையனைக் கேட்டார்கள். ஊர் படும் பாட்டைப் பையன் சொன்னான். தண்டனை, நாடு கடத்தல். இரவோடிரவாக அவனை அழைத்துப்போய், பொழுது விடிந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தார்களாம். அந்த இடத்துக்கு விடிமாகறல் என்று பெயராயிற்று. திரும்பும் வழியில்தான் அரசன் கண்ணில் பொன் உடும்பு பட்டது, மிச்சம் தலபுராணம். இறைவனுக்கு இங்கே அடைக்கலம் காத்த நாதர் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த ராத்திரியில் யாருக்கு அடைக்கலம் கிடைத்தது என்று கேட்டால் குருக்கள் சங்கடப்படுவார், கேட்க வேண்டாம்.

இந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் சென்னையில் டிசைனராக இருந்தான். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். தொடர்ந்து மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் வேலை செய்துவிட்டு ராஜினாமா கொடுத்தான். எச்.ஆர். அம்மா படிவத்தை நீட்டினார். ‘விலகுவதற்கான காரணம்’ என்ற இடத்தில் ‘பலாப்பழம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அவர் நிமிர்ந்து பார்த்து, “அலர்ஜியாப்பா?” என்றாராம்.