கொஞ்சம் தறியை நிறுத்துங்கப்பா

பேசிக்கொண்டே நடந்து வருகிறவர் சட்டென்று நின்று வலது கையைத் தூக்கினால் நாமும் நின்றுவிட வேண்டும். இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். மொபெட்டில் ஏற்றிப் போகிறோம் என்றால் வண்டியை அணைக்க வேண்டும். மாமா இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக் கழுத்து நரம்பு புடைக்க, "கட்டீல... கட்டீல... கட்டீல..." என்று கௌதாரிக் குரலில் கூப்பிடுவார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார். நமக்கு வங்கியில் வேலை இருக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டியிருக்கும். பதில் வராது. கையை இறக்கிவிட்டு, "இருக்குது. நீ பக்கத்துல நிக்கிறதால வாயத் தொறக்கல" என்பார்.

ஆக, குற்றம் நம்முடையது.

பழைய வேட்டைக்காரர்கள் திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரை ஊருக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். அம்மையார்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டு நீலத் திண்ணையில் வேப்பங்குச்சியோடு விடிகாலையிலேயே உட்கார்ந்திருப்பவரைக் குறிப்பிட்டு எழுதியதாக யாரும் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டாம். இந்த வகை ஆட்களிடம் ஒரு நேர்மை உண்டு, புலி சுட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். கௌதாரி, காடை, எப்போதாவது மலையடிவாரத்தில் ஒரு காட்டுக்கோழி, அவ்வளவுதான். இந்த அடக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. புலி சுட்டேன் என்றால் தோல் எங்கே என்று யாராவது கேட்பார்கள். தின்று முடித்த கௌதாரிக்கு யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள்?

கூப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை வேறு ஊரில் வைத்துக்கொண்டால் யாருக்கும் தொல்லை இல்லை. எங்கள் ஊர் தறி ஊர். விடிந்ததிலிருந்து லடக் லடக் என்று தெருத் தெருவாக ஓடிக்கொண்டிருக்கும். கடன் கேட்பதைக்கூட இங்கே ரகசியமாகக் கேட்க முடியாது, கத்தித்தான் கேட்க வேண்டும். இந்த ஊரில் பிறந்து, இந்தச் சத்தத்தில் வளர்ந்து, இதிலேயே பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றிய மனிதருக்கு ஏரிக்கரையில் கூவுகிற கௌதாரி கேட்க வேண்டுமாம். நேராக எங்கள் கொட்டகைக்குள் வந்து நிற்பார்.

"தம்பி, ஒரு நிமிசம் நிறுத்து. கரைப்பக்கம் கொரல் கேக்குது."

"இத்தனை தறி ஓடுது. உங்களுக்கு எப்பிடி மாமா கேக்குது?"

"அதான் சொல்றேன். நிறுத்துனா கேக்கும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நிறுத்துவோம். ஓடுகிற தறியை நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினால் நிறுத்திய இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டலாம், இந்தக் கோட்டை ஒன்றும் செய்ய முடியாது. லுங்கியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மொத்த வியாபாரி, "இங்க இன்னா ஆச்சு?" என்று விரலை வைக்கும்போது "கௌதாரி" என்று சொன்னால் கூலியைக் கொடுப்பானா? எங்கள் வீட்டுச் சரக்கில் அந்த மாதிரிக் கௌதாரிக் கோடுகள் நிறைய ஊர் ஊராகப் போயிருக்கின்றன. கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை அரசு 2023-ல் 1000 யூனிட் ஆக்கியபோது தெருவே சந்தோஷப்பட்டது. மாமா மட்டும், "இன்னும் 250 யூனிட்டுக்குச் சத்தம்" என்றார்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் மின்சாரத்தை நிறுத்துவார்களே, அந்த நாள்தான் மாமாவுக்குத் தீபாவளி. மற்றவர்கள் விசிறியைத் தேடும்போது அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார். தறிச் சத்தம் சட்டென்று நிற்கும்போது எங்களுக்குக் காது அடைத்தது மாதிரி ஆகிவிடும், அவருக்குத் திறக்கும். தெருக்கோடி, பள்ளிக்கூடத்துப் பின்புறம், ஏரிக்கரை என்று ஓர் இடம் விடாமல் கையைக் குவித்துக் கூப்பிட்டுக்கொண்டே போவார். நாய்கள் பதில் சொல்லும். குழந்தைகள் சொல்லும். ஒருமுறை மாடியிலிருந்து ஒரு பையன் அதே குரலில் திருப்பிக் கூப்பிட்டுவிட்டான். மாமா பத்து நிமிடம் அந்த வீட்டு மல்லிப்பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதில் உச்சம் திருத்தணியில் நடந்தது. ஆடிக் கிருத்திகை. மலைக்கு 365 படி. முன்னாலும் காவடி, பின்னாலும் காவடி, நடுவில் நாங்கள். பாதி ஏறியிருப்போம், மாமா நின்றார். வலது கை மேலே போனது. பின்னால் வந்த காவடி ஒன்று என் முதுகில் முட்டியது. அவருக்கென்ன, சரிவில் ஒரு புதரைப் பார்த்துவிட்டார். கழுத்து நரம்பு புடைக்க, "கட்டீல!" கூட்டம் ஒரு கணம் மிரண்டு, "சாமி வந்துட்டாரு, வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஒதுங்கியது. ஓர் அம்மாள் அவர் நெற்றி நிறைய விபூதியைப் பூசி, தன் பெண்ணுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டாள். மாமா கையை இறக்காமலே, "பேசாத இரு, வரும்" என்றார். அவர் சொன்னது கௌதாரியை. அந்த அம்மாள் கண்ணில் நீர் தளும்பக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மலையில், அதுவும் கிருத்திகையில் இப்படியா என்று கேட்டால் முருகனையே சாட்சிக்கு இழுப்பார். "அவரே வேடன் வேசம் போட்டுத்தானேப்பா வள்ளியைப் பாக்க வந்தாரு?" சோளிங்கர், பொன்னை தாண்டினால் வள்ளிமலை. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று வள்ளி ஆலோலம் பாடியது பறவைகளைத் துரத்துவதற்கு என்பதை மாமா தனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டிருக்கிறார். வள்ளி துரத்தி விட்டதை இவர் கூப்பிட்டு வரவழைக்கிறாராம்.

எல்லையோரத்து ஆள் என்பதால் மாமாவிடம் இரண்டு குரல் உண்டு. ஒன்று இந்தப் பக்கத்துக்கு, இன்னொன்று நகரிப் பக்கத்துக்கு. அந்தப் பக்கத்துக் கௌதாரி கடைசியில் கொஞ்சம் இழுக்குமாம். "தெலுங்குல கூப்புட்டாதான் அது வரும்" என்கிறார். திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ல். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே மாநிலமாக இருந்தபோது கௌதாரிகள் என்ன பாஷையில் கூவின என்று கேட்டேன். "எங்க நைனாவுக்கு ரெண்டும் வரும்" என்றார், கொஞ்சமும் அசராமல்.

தொழில் தெரிந்தவர் என்பதை மறுக்க மாட்டேன். கௌதாரிக்குப் பறப்பதில் இஷ்டம் கிடையாது, ஓடத்தான் பார்க்கும். ஓடி முடியாதபோது குபீரென்று எழுந்து கொஞ்ச தூரத்தில் புதரில் விழும். பகலெல்லாம் தரையில் திரிந்தாலும் ராத்திரி அடைவது முள் மரத்தில். வளர்த்த கௌதாரியைக் கூண்டோடு கொண்டுபோய்ப் புதருக்குள் வைத்துவிட்டுச் சுற்றிலும் குதிரைவால் முடியில் கண்ணி பரப்புவார்கள். கூண்டுக்குள் இருப்பது கூவும். என் இடத்தில் எவன் இவன் என்று அந்தக் காட்டின் சேவல் சண்டைக்கு வரும், கால் மாட்டிக்கொள்ளும். வீரம்தான் அதற்கு எமன். புதர்க்காடை வேறு ரகம். கூட்டமாகத் தரையோடு தரையாகப் பதுங்கி, நாம் மிதிக்கப்போகிற கடைசி நொடியில் காலடியிலிருந்து எட்டுத் திசையிலும் வெடித்துக் கிளம்பும். இதைச் சொல்லும்போது மாமாவே ஓர் அடி பின்னால் குதிப்பார். எத்தனை தடவை சொன்னாலும் குதிப்பார்.

இன்னொரு காடையைப் பற்றி மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. காலில் மூன்றே விரல், நெஞ்சில் வரிவரியாக இருக்கும். அதில் பெட்டைதான் பெரியது, நிறமும் அதற்குத்தான். கூவுவதும் சண்டைக்குப் போவதும் பெட்டை. முட்டையிட்டுவிட்டு அது நடையைக் கட்டிவிடும், அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண். ஒருநாள் இதை அத்தைக்குச் சொன்னேன். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் குருவிய மட்டும் ஏன் இவரு புடிச்சிக்கினு வரல?" என்றாள்.

வேட்டைக் கதையைக் கவிழ்த்துவிட அத்தை ஒருத்தி போதும். "எட்டுப் பேருக்கு ஒரு கௌதாரி, தம்பி. அதுவும் தோலை உரிச்சா கைப்பிடி கறி. முருங்கக்காயும் கத்திரிக்காயும் போட்டுக் கொழம்ப நீட்டுனது நானு. பேரு மட்டும் கௌதாரிக் கொழம்பு." ராத்திரியில் கண்ணி வைக்கப்போகிறேன் என்று மாமா கிளம்பிய நாட்களில் பாதியை அவள் இன்றுவரை நம்பவில்லை. நம்பாததற்கு முன்னோடிகள் உண்டு. கலித்தொகையில் மருதப் பாட்டொன்றில், வெளியே போய்விட்டு வந்த தலைவன் குறும்பூழ்ப் போர் பார்க்கப் போயிருந்தேன் என்கிறான். குறும்பூழ் என்பது காடை. தலைவி அவனைப் பிடித்துக்கொள்கிறாள், எந்தக் காடை என்று தனக்குத் தெரியும் என்று. காடையைச் சாக்காகச் சொன்ன புருஷர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள்.

கல்யாணப் பந்தியில் காடை வறுவல் வந்தால் மாமா ஒரு கடி கடித்துக் கண்ணை மூடி, "காட்டு உருப்படிடா" என்று தீர்ப்புச் சொல்வார். இலையில் கிடப்பது 1974-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பான் காடையின் வம்சம். பண்ணையில் ஐந்து வாரம் தீவனம் தின்று கிட்டத்தட்ட கால் கிலோவுக்கு வந்தது. நம்மூர்க் காட்டுக்காடை அதில் பாதி எடைகூடத் தேறாது. யாரும் திருத்துவதில்லை. திருத்தினால் அங்கேயும் கையைத் தூக்கிக் கூப்பிட்டுக் காட்டுவார்.

சட்டம் பற்றி அவருக்குத் தனிக் கருத்து. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. உரிமம் வாங்கி வேட்டையாட இருந்த வழியையும் 1991-ல் எடுத்துவிட்டார்கள். மாமா எந்தக் காலத்திலும் உரிமம் வாங்கியவரல்ல என்பதால் இரண்டாவது செய்தி அவரைப் பாதிக்கவில்லை. முதல் செய்திக்கு, "அது தமிழ்நாட்டுக்கு. நாங்க எல்லைக்கு அந்தாண்ட போயிடுவோம்" என்பார். மத்தியச் சட்டம், நகரியிலும் அதே சட்டம்தான் என்று சொன்னால், "கௌதாரிக்குத் தெரியுமா?" என்கிறார்.

இதுவரை சிரித்தாயிற்று. எனக்கு எரிச்சல் வருவது அடுத்த பேச்சில்தான். திண்ணையில் உட்கார்ந்து, "இன்னா காலம் தம்பி இது, ஒரு கௌதாரி இல்ல, ஒரு காடை இல்ல" என்று ஆரம்பிப்பார். வேர்க்கடலைக்கு மருந்து அடிக்கிறார்கள், வேலியை எல்லாம் வெட்டி ப்ளாட் போட்டுவிட்டார்கள், நாய்கள் முட்டையைத் தின்றுவிடுகின்றன, மயில் பெருத்துப்போச்சு. எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் எப்போதும் விட்டுப்போகிறது. "ஒரு காலையில பன்னெண்டு" என்று டீக்கடையில் சொன்னவர் யார்? சேவலைக் கண்ணியில் எடுத்துவிட்டுப் பெட்டையை அடையோடு கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொன்னவர் யார்? கேட்டால், "அது அப்ப" என்று ஒரே வார்த்தை. அப்போது தின்றது இப்போது முட்டையிடுமா? அதைவிட மோசம், அந்தக் கதைகளை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிற பையன்கள். கண்ணி பின்னுவது, எந்தப் புதரில் அடையும், எந்த மாதம் கூவும் என்று எல்லாவற்றையும் டீக்கடையில் இலவசப் பாடமாக நடத்தியது இவர்தான். சட்டம் மூன்று ஆண்டு வரை உள்ளே தள்ளும் என்பதை மட்டும் பாடத்தில் சேர்க்கவில்லை.

பாடம் படித்த பையன்கள் இப்போது வாயால் கூப்பிடுவதில்லை. செல்போனில் காடைக் குரலை இறக்கி, சின்ன ஸ்பீக்கரில் போட்டு, வலையைக் கட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். பேட்டரி இருக்கும்வரை அது அலுக்காமல் கூப்பிடுகிறது. மாமாவுக்கு இது தெரிந்த அன்று ஆத்திரம் வந்தது. பறவை போகிறதே என்றல்ல. "வாயில சத்து இல்லாத பசங்க. மெசினு கூப்புட்டா வேட்டையா அது?" வன அலுவலகத்தில் சொல்லலாமா என்று கேட்டேன். எல்லாம் தெரிந்தவன் வீட்டுப் பிள்ளைகள், நமக்கெதுக்கு ஊர் வம்பு என்று துண்டை உதறினார். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இருந்தாலும் போன பராமரிப்பு நாளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாமா கரைமேல் நின்று கூப்பிட்டார். நாங்கள் வழக்கம்போல் சலித்துக்கொண்டு நின்றோம். கருவேலம் புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. நிஜமான பதில். மாமா மறுபடி கூப்பிடவில்லை. "ரெண்டு இருக்குது. ஒண்ணு கூப்புடுது, இன்னொண்ணு எடுத்துக் குடுக்குது" என்றார். வறுவல் பேச்சே எழவில்லை. பையன்கள் காதில் விழாமலிருக்கப் பேச்சை மாற்றி, ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே எங்களை எல்லாம் ஊர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கொட்டகைக்கு வந்து தன் போனை நீட்டினார். அந்தப் பசங்க வைத்திருக்கும் குரலை இதிலும் போட்டுத் தர வேண்டுமாம், சும்மா கேட்பதற்கு, வலை கிலை எதுவும் கிடையாதாம். தறியை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். யூடியூபில் தேடி ஒரு கௌதாரியைக் கூவவிட்டேன். காதில் ஒட்டி வைத்து முழுசாகக் கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வடநாட்டுக் கௌதாரி. இது சொல்றது நம்மூருதுக்குப் புரியாது."