ஆண்டிபட்டியிலிருந்து அமெரிக்கா

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிடுவது அப்படியொன்றும் அரிய வித்தையல்ல. பூமி உருண்டை என்பதை ஒப்புக்கொண்டு, அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கைவசம் வைத்துக்கொண்டு, சிறிது திரிகோண கணிதத்துக்கும் மனம் துணிந்துவிட்டால், மதுரைக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏறத்தாழ 13,700 கிலோமீட்டர் என்று ஆண்டிபட்டித் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் இறங்காமல் பறந்தால் சுமார் 15 மணி நேரம். அப்படியொரு விமானம் மதுரையிலிருந்து கிளம்புவதில்லை என்பது கணிதத்தின் குற்றமல்ல.

புரூக்ளினில் உத்தியோகம் பார்க்கும் மகனிடம் போக ஆயத்தமான என் மாமாவுக்கு, இந்தச் சூட்சுமங்களை விளக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. மிகக் குறுகிய வழி ஐஸ்லாந்தின் மேலாகப் போய், கிரீன்லாந்தின் தென்கோடியை ஒட்டி இறங்குகிறது என்றேன். “அமெரிக்கா மேக்க இருக்கு, எதுக்குய்யா வடக்க போயிச் சுத்துறான்? மீட்டருக்கு ஆசப்பட்டா?” என்றார். பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துக் காட்டிய பிறகே ஓட்டுநர் மீதிருந்த சந்தேகம் தீர்ந்தது.

கடிகாரம்தான் பெரும் உபத்திரவம். குளிர்காலத்தில் நியூயார்க் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அந்த 15 மணி நேரப் பிரயாணம் உள்ளூர்க் கடிகாரங்களின்படி போகும்போது நாலரை மணி நேரமாகவும், திரும்பும்போது இருபத்தைந்தரை மணி நேரமாகவும் தெரியும். மாமா சற்று யோசித்து, “அப்ப போறது இறக்கம், வாறது நம்மூருக் கணவாய் ஏத்தம்னு சொல்லு” என்றார். உயரே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், மெய்யாகவே சீக்கிரம் முடிவது திரும்பும் பயணம்தான் என்பதை அதற்குமேல் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மேலும், ஆண்டிபட்டிக்காரனின் ஆகாயப் பிரயாணம் ஆகாயத்திலா தொடங்குகிறது? குலதெய்வத்துக்குச் சூடம் கொளுத்தி, வேனில் இடமிருப்பதைவிட அதிகமான உறவினரை ஏற்றி, கணவாய் தாண்டி, உசிலம்பட்டியில் டீ குடித்து, செக்கானூரணியில் மறந்த ஊறுகாய்ப் பொட்டலத்தை நினைத்து வருந்தி, பெருங்குடி விமான நிலையம் போய்ச் சேருகிற நேரத்தை எந்த விமானக் கம்பெனியும் டிக்கெட்டில் அச்சிடுவதில்லை. அச்சிட்டால் டிக்கெட் விற்காது.

ஆண்டிபட்டிக்கும் புரூக்ளினுக்கும் இடையிலான தூரத்தை வென்றவர் ஒருவரே என்பது மாமாவின் சித்தாந்தம். 1984 நவம்பரில் எம்.ஜி.ஆர். சிகிச்சைக்காகப் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்; டிசம்பரில் தேர்தல். வேட்பாளர் கட்டிலில், வாக்காளர் ஆண்டிபட்டியில். அவர் தேறிவருவதைக் காட்டும் படச்சுருள் மட்டும் கடல் கடந்து வந்து சினிமாக் கொட்டகைகளில் ஓடிற்று. பிரசாரத்துக்கு ஒரு நாளும் வராமலே அவர் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். சென்னை திரும்பியது 1985 பிப்ரவரி 4-ஆம் தேதி.