தேனாறு, பாலாறு, ஒரு பழைய சைக்கிள்

ஐரோப்பாவில் டான்யூப் நதியின் கரையோடு, ஜெர்மனியின் பாசௌ நகரத்திலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகரமாகிய வியன்னா வரையில், 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் சைக்கிள்காரர்களுக்கென்று வழி வகுத்து வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ் தேசத்து லுவார் நதிக்கரையிலும் இப்படியொரு பாதை ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகிறது. பள்ளத்தாக்கின் இருமருங்கிலும் பழைய கோட்டைகளும் மடாலயங்களும் திராட்சைத் தோட்டங்களும் காட்சியளிக்க, மோட்டார் வாகனங்களின் உபத்திரவமின்றி, பேச்சுக் கொடுப்பாரும் இன்றி, மனிதன் தன் ஆத்மாவோடு மட்டும் சம்பாஷித்துக்கொண்டு ஏகாந்தமாக மிதித்துச் செல்லலாமாம். ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு இந்த மகாத்மியத்தை ஒரு சாயங்காலம் முழுவதும் எனக்கு உபதேசித்தான். உபதேசத்தின் முடிவில், "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க மாமா இருக்கு?" என்று ஒரு பெருமூச்சும் விட்டான்.

பெருமூச்சு அவனுடையது, ரோஷம் என்னுடையது. எங்கள் ஊராகிய நெற்குப்பை என்ன சாமான்யமான ஊரா? கப்பலேறிப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் ஊர். தமிழ்நாட்டை மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி நூல்கள் எழுதிய சோமலெ 1921-ஆம் வருஷம் பிறந்தது இங்கேதான். உலகத்தைச் சுற்றி வந்து காந்திஜியைப் பற்றிய படச்சுருள்களையெல்லாம் தேடிச் சேர்த்து 1940-இல் சினிமாவாக வெளியிட்ட ஏ. கே. செட்டியார், காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூர்க்காரர். 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி கண்ட முருகப்பா குடும்பத்தாருக்குப் பூர்விகம் பள்ளத்தூர். ஆக, பிரயாணம் செய்தவர்களும் நம்மவர்கள், பிரயாணத்தை எழுதியவர்களும் நம்மவர்கள், சைக்கிளைச் செய்தவர்களும் நம்மவர்கள் என்றிருக்க, சைக்கிளில் ஏறிப் பிரயாணம் செய்வதற்கு மாத்திரம் டான்யூப் நதிக்கரைக்குப் போகவேண்டும் என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

மறுநாள் கருக்கலிலேயே புறப்பட்டோம். அவனுடைய வாகனம் கியர்களும் தண்ணீர்ப் புட்டியும் கூடியது. தலையில் தொப்பி வேறு. என்னுடையது என் தகப்பனார் காலத்து ஹெர்குலிஸ். மட்கார்டில் பஞ்சாயத்துக்குச் சைக்கிள் வரி கட்டிய வில்லை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரி எந்த வருஷத்தோடு வழக்கொழிந்ததோ, அதற்குப் பிறகு சைக்கிளின் பெல்லும் ஒலித்ததாகத் தெரியவில்லை. அதனால் பாதகமில்லை. செயினும் மட்கார்டும் எழுப்புகிற சப்தத்தில், எதிரே வருகிற ஆட்டு மந்தை ஒரு பர்லாங்குக்கு முன்னாலேயே ஒதுங்கிவிடுகிறது.

முதலில் நதியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பள்ளத்தாக்கு என்று வந்துவிட்டால் நதி பிரதானம். நதிகளுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. குன்றக்குடிப் பக்கம் தேனாறு, சிங்கம்புணரிப் பக்கம் பாலாறு, இது வேலூர்ப் பாலாறு அன்று, தனிக்குடித்தனம் நடத்துகிற வேறொரு பாலாறு, அப்புறம் மணிமுத்தாறு. தேனும் பாலும் மணியும் முத்துமாகப் பெயர் சூட்டிய நம் முன்னோர்கள், தண்ணீரைப் பற்றி மாத்திரம் எவ்விதமான வாக்குறுதியும் கொடுக்காமல் சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்திவிட்டு மருமகன் கீழே எட்டிப் பார்த்தான்.

"ஆறு எங்க மாமா?"

"இதுதாண்டா ஆறு."

"மாடுல்ல மேயுது?"

"ஆத்துலதான் மேயுது."

டான்யூப் நதியில் மாடு மேயுமா என்று நான் கேட்கவில்லை. அதிதியை மேலும் புண்படுத்துவது தர்மமன்று.

ஆனால் இந்தச் சீமையின் நீரை ஆற்றில் தேடுகிறவன் ஏமாந்துதான் போவான். இங்கே நீர் இருக்கிற இடம் கண்மாய். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறதை, மேட்டிலிருந்து வரத்துக்கால் வழியாக இழுத்து ஒரு கண்மாயில் நிறுத்தி, அது நிறைந்து கலுங்கு வழிந்தால் அந்த மிச்சம் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும்படியும், அதுவும் வழிந்தால் அதற்கடுத்த ஊருக்குப் போகும்படியும், ஓட்டமாய் ஓடிக் கடலில் விழவேண்டிய ஒரு நதியைத் துண்டு துண்டாக நறுக்கி ஊருக்கு ஒன்றாகப் பங்கு வைத்திருக்கிறார்கள். கண்மாய்க் கரைமேல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால், ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் பச்சை வயலும், கரை நெடுகப் பனைமரமும் கூடவே வரும். மார்கழியில் அந்தக் கரைமேல் விடிகிற விடியலைக் கண்டபிறகு மருமகன் வியன்னாவின் பெயரை ஒரு நாழிகை நேரம் உச்சரிக்கவே இல்லை. திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களுக்குப் பறவைகள் கடல் கடந்தும் வருகின்றன. 1977-இல் அவற்றைச் சர்க்கார் சரணாலயமாக அறிவித்தது. பறவைகள் மிரளுமே என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. என் சைக்கிளையும் அந்த எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் போனேன்.

ஏகாந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

நெற்குப்பையிலிருந்து சற்றுத் தூரத்தில் மகிபாலன்பட்டி. சங்க காலத்துப் பூங்குன்றம் இதுவே என்பது பெரியோர் துணிபு. எல்லா ஊரையும் தன் ஊராகவும் எல்லா மனிதரையும் தன் உறவினராகவும் பாவித்த கணியன் பூங்குன்றனார் பிறந்த ஸ்தலம். பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியார் 1881-இல் அவதரித்ததும் இங்கேதான். மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தை மண்ணியல் சிறுதேர் என்று தமிழாக்கியவர். இப்பேர்ப்பட்ட ஊரின் டீக்கடை முன்னால் நாங்கள் கால் ஊன்றிய மாத்திரத்தில், பெஞ்சியில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்ட முதற்கேள்வி என்ன தெரியுமா?

"தம்பிக்கு எந்த ஊரு?"

எல்லா ஊரும் நம்முடைய ஊர்தான் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த மண்ணில் இப்படியொரு விசாரணையா என்று எனக்குத் திகைப்பு. "நெற்குப்பைங்க" என்றேன். "நெற்குப்பையில எந்த வீடு? பெருமாள் கோயில் தெருவா, இந்தப் பக்கமா?" சொன்னேன். "அப்ப அவுகளுக்கு நீங்க என்ன வேணும்?" அதையும் சொன்னேன். "கூட வர்ற பிள்ளை யாரு?" தமக்கை மகன். "தமக்கையை எங்க கட்டிக் கொடுத்திருக்கு?" கண்டவராயன்பட்டி. பெரியவர் கண்ணை மூடித் தியானித்தார். திறந்தபோது, தம்முடைய சின்ன மாமனார் வழியில் என் தமக்கை வீட்டுக்காரர் அவருக்குத் தம்பி முறையாக வேண்டும் என்பது சந்தேகத்துக்கிடமின்றி நிரூபணமாகிவிட்டது. டீக்குக் காசு வாங்கவேண்டாம் என்று உள்ளே உத்தரவு பறந்தது. வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சைக்கிளின் ஹேண்டில்பாரை அவர் பிடித்துக்கொண்டார். புலவர் சொன்னது வாஸ்தவம்; ஆனால் அந்த முடிவுக்கு அவர் தத்துவ விசாரத்தினால் வந்தாரா, இந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்து வந்தாரா என்பதை ஆராய்ச்சியாளர்கள்தான் சொல்லவேண்டும்.

மேற்கே பிரான்மலை. பாரி வேளின் பறம்பு இதுதான் என்பார்கள். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில். உச்சியில் முஸ்லிம் பெரியார் ஒருவரின் தர்கா. இருசாராரும் ஒரே மலையைப் பங்கு போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். முல்லைக்கொடி படர்வதற்குக் கொம்பில்லையே என்று பாரி தன் தேரை நிறுத்திவிட்டு நடந்து போனது இந்தப் பிரதேசத்தில்தான். எனக்கும் அந்தப் பாக்கியம் கிட்டியது. ஆனால் காலம் மாறிவிட்டபடியால் முல்லைக்குப் பதிலாக முள். சீமைக்கருவேல முள் ஒன்று என் பின்சக்கரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. வள்ளலுக்கும் எனக்கும் வித்தியாசம் ஒன்றே: அவன் மனமுவந்து நடந்தான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நாங்கள் போகும்போது, பின்னால் ஒரு பெல் சப்தம். கேரியரில் பிளாஸ்டிக் குடம், முன்னால் ஒரு குழந்தை, ஹேண்டில்பாரில் காய்கறிப் பையோடு நடுவயது அம்மாள் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். "பஞ்சரா அண்ணே? முக்குல கடை இருக்கு, தள்ளிட்டு வாங்க" என்று வேகத்தைக் குறைக்காமலே ஆறுதல் சொன்னார். புதுக்கோட்டை ஜில்லா எங்களுக்கு அடுத்த வீடு. அங்கே 1991-92-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு மூலகர்த்தாக்களில் ஒருவர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் மிதிக்கப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். எழுதப் படிக்கக் கற்றதோடு, பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்துக்கொண்டு நில்லாமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் கல்குவாரி வேலைக்கும் தாமே போய்விட்டார்கள். டான்யூப் கரையில் உல்லாசத்துக்காக மிதிக்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சைக்கிள் என்ற வாகனத்தின் முழு மகிமையை அறிந்தவர்கள் பாசௌவில் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

தெற்கே திருக்கோஷ்டியூருக்கும் போனோம். ராமாநுஜர் குருவின் உபதேசத்துக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து 18 முறை அங்கே நடந்து வந்தார் என்று வைஷ்ணவ சம்பிரதாயம் சொல்லும். அதைச் சொன்னதும் மருமகன் கால்வலியைப் பற்றிய தன் பிரஸ்தாபத்தை நிறுத்திக்கொண்டான். வழியில் திருப்பத்தூரில் இறங்கி, 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர் இது என்று சொன்னேன். அங்கே மாத்திரம் இருவரும் வேடிக்கை பேசவில்லை.

வாசகர்களில் எவரேனும் இந்தப் பக்கம் மிதிக்க உத்தேசித்தால், மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். மெயின் ரோட்டைத் தவிர்த்துக் கண்மாய்க் கரைகளிலும் புளியமரச் சாலைகளிலும் போங்கள். பஞ்சர் ஒட்டும் சாமான்கள் கையோடு இருக்கட்டும். வம்சாவளியை நான்கு தலைமுறைக்காவது பாடம் பண்ணிக்கொண்டு வாருங்கள். நெடுஞ்சாலைத் துறையினருக்கும் ஒரு விண்ணப்பம். இந்தக் கிராமத்துச் சாலைகளை அகலப்படுத்தும் எண்ணம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். அகலமான சாலையில் வேகம் வந்துவிடும்; எந்த ஊரு என்று கேட்பதற்குள் ஆள் அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.