ஓடத்தில் ஏறிய வண்டி: பழவேற்காட்டுச் சைக்கிள் குறித்து ஓர் ஆராய்ச்சி

வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்ற பழமொழியை வாழ்க்கைத் தத்துவமென்று நாம் நெடுநாளாகத் தப்பாகப் படித்துவருகிறோம். அது வெறும் போக்குவரத்து விதி. கடலில் தேர் ஓடாது என்று 496ஆம் குறளில் அறுதியிட்ட வள்ளுவரும், தேரைப் படகில் ஏற்றக் கூடாதென்று எங்கும் சொல்லவில்லை. இந்த மௌனத்தை உரையாசிரியர்கள் கண்டுகொள்ளாதது வியப்பே.

பிற ஊர்தியில் ஏறிய சைக்கிளுக்கு, பெருமாளைப் போலவே, மூன்று கோலங்கள். ஜெர்மனியின் ஐசிஇ-4 ரயிலில் நின்ற கோலம்: ரயிலுக்கு எட்டே இடம், முன்பதிவு கட்டாயம். பிரான்சின் டிஜிவியில், சக்கரத்தைக் கழற்றி ஒரு பைக்குள் அடைத்தால், இருந்த கோலம். பழவேற்காட்டுப் படகில் கிடந்த கோலம்; வலைக் குவியலே ஆதிசேஷன். நம்மூர் ரயிலில் பார்சல் ஆபீசில் ஒப்படைத்து, பெயரெழுதிய அட்டை கட்டி, பிரேக் வேனில் அனுப்புவதும் உண்டு. உரியவருக்கே தரிசனம் கிடைக்காத அந்த நிலையை எந்தக் கோலத்தில் சேர்ப்பதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பழவேற்காட்டிலிருந்து கலங்கரை விளக்கக் குப்பத்துக்குப் பாலம் வருமுன் ஏரியைக் கடக்கப் படகுதான். பாலம் ஊருக்கு நல்லது, ஆராய்ச்சிக்குப் பேரிழப்பு. சைக்கிளைப் படகில் கொண்டுபோவது ஆபத்தில்லையா என்பார் சிலர். ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். சைக்கிள் கைப்பிடியின் உயரமும் அவ்வளவே. நடு ஏரியில் விழுந்தாலும், நிமிர்ந்தே விழுந்தால், கைப்பிடி வெளியே தெரியும். முகத்துவாரத்துக்கு இந்தச் சமன்பாடு பொருந்தாது. அங்கே சோதிக்க என் சைக்கிளைத் தர நான் தயாரில்லை.

சைக்கிளை இங்கே கொண்டுவந்தவர்கள் டச்சுக்காரர்களோ என்ற ஐயத்தையும் தீர்த்துவிடலாம். பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை அவர்கள் கட்டியது 1613ல். மிதிகட்டை இல்லாத முதல் இருசக்கர வண்டியை ஜெர்மானியர் திரைஸ் ஓட்டிக்காட்டியது 1817ல். 1825ல் டச்சுக்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். நடுவில் எட்டே ஆண்டுகள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள், சைக்கிளைக் காணோம்.

இனி இடப் பங்கீடு. புதிய ரயில்களில் குறைந்தது நான்கு சைக்கிளுக்காவது இடம் வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் சட்டமே போட்டது. எந்த நாளில் யார் எங்கே வலை விரிப்பதென்பதைப் ‘பாடு’ முறையில் தங்களுக்குள்ளேயே வகுத்துக்கொண்ட இந்த ஏரிக்கரையில், சைக்கிளுக்கு ஒரே வரி போதுமாயிருந்தது: “அண்ணே, சைக்கிள் கடைசியா.” மீன் கூடை முதலில், ஆட்கள் அடுத்து, சைக்கிள் மேலே. கடைசியில் ஏறியது அக்கரையில் முதலில் இறங்கும். இதில் முன்பதிவுக்கு வேலையே இல்லை.

இனியும் படகில் சைக்கிள் ஏற்ற வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெல்லைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஒரு சின்னப் பையன் இருந்தால் போதும், அக்கரை சேரும்வரை அடித்துக்கொண்டே வருவான்.