மூக்குக்கு மேலே, தாடைக்குக் கீழே

கொரோனா கால மாஸ்க் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். பாதிப் பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் பழைய கோபத்தைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் உண்டு.

பீரோவில் புடவைகளுக்கு நடுவே ஒரு டப்பா மாஸ்க் பிரிக்காமல் கிடக்கிறது. வைத்திருக்கவா, எறியவா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

வைத்திருங்கள். பரண் ஒழிக்க, ஒட்டடை அடிக்க, மிளகாய் வறுக்க, ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்த்துவர என்று அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. காதில் மாட்டும் எலாஸ்டிக்கை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். முதலில் உயிரை விடுவது அதுதான். என்95 என்றால் டப்பாவிலேயே காலாவதித் தேதி இருக்கும். ஆனால் போகியன்று பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அது பிளாஸ்டிக்.

மாஸ்க் பிளாஸ்டிக்கா? துணி என்று நினைத்து மக்கும் குப்பையில் அல்லவா போட்டோம்!
— ஓய்வுபெற்ற தாசில்தார், விழுப்புரம்

ஊரே அப்படித்தான் போட்டது. நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கின் மூன்று அடுக்குமே பாலிபுரோப்பிலீன். உருக்கி, இழையாக்கி, நெய்யாமல் ஒட்டவைத்த சரக்கு. நடு அடுக்கின் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கிருமியை வடிகட்டும் வேலை பெரும்பாலும் அதனுடையது. மக்கும் குப்பையில் போட்டால் காய்கறித் தோல் உரமாகிவிடும், மாஸ்க் மாஸ்க்காகவே வெளியே வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததல்லவா? ஜவுளிக்கடைகள் துணிப்பை என்ற பாவனையில் கொடுத்துவந்த நெய்யாத பாலிபுரோப்பிலீன் பையும் அந்தத் தடைப் பட்டியலில் இருந்தது. அடுத்த ஆண்டே அதே சரக்கை முகத்தில் கட்டிக்கொண்டு வந்தால்தான் கடைக்குள் விட்டார்கள். இரண்டு உத்தரவும் சரியானவைதான். இப்படிப்பட்ட விஷயம் தாசில்தாருக்குப் புதிதாக இருக்காது.

மூன்றடுக்கு மாஸ்க்கை 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு சொன்னதே. அந்த விலைக்கு யாருக்காவது கிடைத்ததா?
— கணக்குப்பிள்ளை, சேலம்

அரசிதழில் கிடைத்தது. மருந்துக்கடையில் ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதில் இலவசமாகவே கிடைத்தது. மார்ச் 13-ல் மாஸ்க்கை அத்தியாவசியப் பொருள் ஆக்கினார்கள், ஒரு வாரம் கழித்து விலை வரம்பு வைத்தார்கள். இரண்டடுக்கு 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய். தமிழ்நாட்டைக் காப்பாற்றியது அந்த ஆணை அல்ல. தோளில் கிடந்த துண்டும், துப்பட்டாவும், புடவைத் தலைப்பும்தான். அப்புறம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தையல் இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தன, திருப்பூரில் பனியன் தைத்த கைகள் மாஸ்க் தைத்தன, ரேஷன் கடையில் தலைக்கு இரண்டு துணி மாஸ்க் வந்தது. மாஸ்க் கிடைக்காத காலம் போய், போடாத காலம் பிறந்தது.

மாஸ்க்கைத் தாடையில் போட்டுக்கொண்டு திரிந்தார்களே, அது என்ன மருத்துவம்?
— பஸ் கண்டக்டர், திருநெல்வேலி

அது மருத்துவம் இல்லை, சட்டம். 2020 செப்டம்பரிலிருந்து மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம். 2022 ஜனவரியில் அதை 500 ஆக்கினார்கள். முக்கில் நிற்கும் போலீஸ்காரருக்காகப் போட்ட மாஸ்க், போலீஸ்காரர் தெரியும்போது மேலே ஏறும், அவரைத் தாண்டியதும் கீழே இறங்கும். வைரஸ் சீருடை போட்டு வந்திருந்தால் நம் ஊரில் ஒருவருக்கும் தொற்றியிருக்காது.

தாடைக்காரர்களையாவது மன்னிக்கலாம். பேசும்போது மட்டும் மாஸ்க்கை இறக்கி, பேசி முடித்ததும் மரியாதையாக ஏற்றிக்கொண்டார்களே, அவர்களை என்ன சொல்ல? எச்சில் தெறிப்பதே பேசும்போதுதான்.

மாஸ்க்கைக் கண்டுபிடித்தது யார்? பாடப் புத்தகத்தில் இல்லை.
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

ஒரே ஆளைச் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலேயே வாயை மூடிக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். தொற்றுநோய்க்கு எதிராக ஊர் முழுக்க மாஸ்க் கட்டவைத்தவர் என்று கேட்டால், பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த வூ லியன்-தே பெயரைச் சொல்லலாம். 1910 கடைசியில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் பிளேக் பரவியது. எலி வழியாகத்தான் வரும் என்று எல்லோரும் எலியைத் தேடிக்கொண்டிருந்தபோது, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக், மூச்சு வழியாகவே பரவுகிறது என்றார் இவர். சல்லாத்துணியில் பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் மாஸ்க் செய்து கொடுத்தார். ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற நோய் அது.

அங்கே மெனி என்று ஒரு பிரெஞ்சு டாக்டர் இருந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். முப்பதைத் தாண்டியிருந்த ஒரு சீன வம்சாவளி டாக்டர் தனக்குச் சொல்லித்தருவதா என்று, மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே பிளேக்கில் இறந்துபோனார். அதன் பிறகு ஹார்பினில் மாஸ்க்குக்குப் பிரசாரமே தேவைப்படவில்லை. உங்கள் பாடப் புத்தகத்தில் இந்தக் கதை ஒரு பக்கம் இருந்திருந்தால் 2020-ல் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

மாஸ்க் போட மாட்டேன் என்று போராடியது நம் காலத்து விசித்திரம்தானே?
— வழக்கறிஞர், மதுரை

இல்லை. ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது, 1919 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் மாஸ்க் எதிர்ப்புச் சங்கமே தொடங்கி, கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதற்கு முன்பே மாஸ்க் இல்லாமல் விளையாட்டு பார்க்கப் போன மேயருக்கு அவருடைய போலீஸே அபராதம் போட்டிருக்கிறது. நம் ஊரில் இது நடக்குமா என்று அடுத்த கேள்வி அனுப்ப வேண்டாம்.

என்95 மாஸ்க்கைச் சோப்புப் போட்டுத் துவைத்து, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தார் என் மாமியார். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
— மருமகள், ராஜபாளையம்

‘அத்தை, அதுல கரன்ட் இருக்கு’ என்று சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டார். பொய்யும் அல்ல. அதன் இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றியிருப்பார்கள். சல்லடைக் கண்ணில் சிக்காத நுண்துகளையும் அது இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். சோப்பு பட்டால் அந்த மின்சாரம் போய்விடும், மிஞ்சுவது வெளுத்த மாஸ்க். இந்த மின்னூட்ட வித்தையைச் செய்தவர்களில் முக்கியமானவர் தைவானில் பிறந்த பீட்டர் சாய். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றிருந்தவர், 2020-ல் மறுபடி ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார். துவைக்காமல், ஆளுக்குச் சில மாஸ்க் வைத்துக்கொண்டு, போட்டதைக் காகித உறையில் நான்கைந்து நாள் ஆறவிட்டுச் சுழற்சியில் போட்டுக்கொள்வதே முறை. துவைக்க வேண்டியது துணி மாஸ்க்கை. அதைத்தான் பலர் துவைக்கவே இல்லை.

மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது. பேத்தி சிரிக்கிறாள்.
— தாத்தா, காரைக்குடி

மாஸ்க்கின் மேல் விளிம்பில் ஒரு கம்பி இருக்கிறதே, அதை மூக்கின் வளைவுக்குத் தக்கபடி அழுத்திவிடுங்கள். உங்கள் மூச்சு மேலே தப்பிப் போவதால்தான் ஆவி படிகிறது. அதாவது கண்ணாடி மங்கினால் மாஸ்க் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டாலும் கொஞ்ச நேரம் தாங்கும். சிரிக்கிற பேத்திக்கு வைத்தியம் இல்லை.

வீட்டுக்கு வீடு குப்பை வாங்கினவ நான். மாஸ்க்கைத் தனியா கட்டிக் குடுங்கம்மான்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஏன் ஒருத்தருக்கும் தோணல?
— தூய்மைப் பணியாளர், சென்னை

இந்தக் கேள்விக்கு முன்னால் மற்ற கேள்விகள் எல்லாம் சும்மா.

முறை என்று ஒன்று இருந்தது அம்மா. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே சொன்னது: வீட்டில் நோய் இருக்கிறதோ இல்லையோ, போட்ட மாஸ்க்கைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, பிறகு வெட்டி, உலர் குப்பையில் போட வேண்டும். தொற்று உள்ள வீட்டில் நோயாளியின் சிகிச்சைக் குப்பை மஞ்சள் பையில் தனியாகப் போய், மருத்துவக் கழிவோடு உலையில் எரிய வேண்டும். இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? பல தெருக்களில் நோய் வந்த வீட்டு வாசலை மறித்து அடித்த தகரம் வந்த வேகத்தில் மஞ்சள் பை வரவில்லை. அபராதத் தொகை பால்காரருக்குக்கூட மனப்பாடம், 72 மணி நேரம் யார் காதிலும் விழவில்லை. போடாதவரைப் பிடித்தால் வசூல் உண்டு, போட்டதை எங்கே போட்டார் என்று பார்த்தால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது.

ஆனால் தெரியாததால் மட்டும் நடந்ததல்ல இது. அடுத்தவர் மாஸ்க் ரோட்டில் கிடந்தால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்கிப் போனோம். நம் மாஸ்க்கைக் காய்கறித் தோலோடு சேர்த்து உங்கள் வண்டியில் கொட்டினோம். நம் கையை விட்டுப் போனால் நோயும் போய்விட்டது என்ற கணக்கு. அதைப் பிரிக்கப்போவதும் ஒரு கைதான் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு உங்களுக்காகவும் மாடியில் நின்று தட்டு தட்டினோம். அப்புறம் வந்த மாதங்களில் அதே மாடியிலிருந்து மாஸ்க்கையும் கீழே போட்டோம்.

எறிகிற மாஸ்க்கை எதற்கு மெனக்கெட்டு வெட்ட வேண்டும்?
— இன்ஜினீயரிங் மாணவர், கோவை

வெட்டாத மாஸ்க்குக்கு மறுபிறவி உண்டு. 2021 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் ஜல்கானில், பஞ்சுக்குப் பதிலாக எறிந்த மாஸ்க்குகளை அடைத்து மெத்தை தைத்த இடத்தைப் போலீஸ் பிடித்தது. நிம்மதியாகத் தூங்க நினைத்து வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். காது வாரையும் வெட்டுங்கள். இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடற்பறவையின் கால்களில் வார் சுற்றி, வீங்கி, நடக்க முடியாமல் கிடந்ததை மீட்டெடுத்தார்கள். பிரேசில் கடற்கரையில் செத்து ஒதுங்கிய பென்குவின் வயிற்றில் ஒரு முழு மாஸ்க்கே இருந்தது. பென்குவினுக்கு யார் அபராதம் போட்டார்களோ!

2021 சட்டமன்றத் தேர்தலில் மாஸ்க்கை இறக்கி முகத்தைக் காட்டச் சொன்னார்களே, அது பாதுகாப்பா?
— முதல்முறை வாக்காளர், ஈரோடு

ஒரு நொடி இறக்கியதில் ஒன்றும் ஆகியிருக்காது. இறக்கிக் காட்டிய முகத்துக்கும் வாக்காளர் அட்டைப் படத்துக்கும் பொருத்தம் இருந்ததா என்பதுதான் சந்தேகம். ஏப்ரல் 6 அன்று வாசலில் காய்ச்சல் பார்த்து, சானிடைசர் ஊற்றி, ஒரு கைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி உள்ளே விட்டார்கள். அவ்வளவு ஒழுக்கமும் ஒரு நாளுக்கு. அதற்கு முந்தைய வாரங்களில் பிரசாரக் கூட்டங்களில் தோளோடு தோள் நின்றவர்கள் எந்த உறையும் மாட்டிக்கொள்ளவில்லை. மே மாதம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

எனக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வேன். அந்த இரண்டு வருஷம் ஊரே ஊமையாகிவிட்டது எனக்கு.
— தையல்காரர், கரூர்

இதைக் கேள்வியாக நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அச்சிட வேண்டும் என்று தோன்றியது. வாய்க்கு நேரே கண்ணாடிபோல் தெரியும் மாஸ்க் சில இடங்களில் வந்தது. நம் பேங்க் கவுன்ட்டர் வரை வரவில்லை. ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் வைத்திருந்தால்கூடப் போதுமே, அதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை.

கல்யாணத்துக்குப் பட்டுப் புடவைக்கு மேட்சாக மாஸ்க் தைத்தோம். இதைவிட ஆடம்பரம் உண்டா?
— புதுமணப்பெண் (அப்போது), காஞ்சிபுரம்

உண்டு. கோவையில் ஒரு பொற்கொல்லர் தங்க இழையில் மாஸ்க் செய்தார், விலை இரண்டே முக்கால் லட்சம். மதுரையில் மாஸ்க் வடிவத்தில் பரோட்டா போட்டார்கள். எனக்குப் பரோட்டா. சாப்பிட்ட பின் அப்புறப்படுத்தும் தொல்லை இல்லாத ஒரே மாஸ்க் அதுதான்.

மாஸ்க் போட்டிருந்த காலத்தில் நண்பர்களே என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கடன் கொடுத்தவர் மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார்?
— பெயர் வேண்டாம், வேலூர்

நண்பர்கள் முகத்தைப் பார்த்தார்கள். அவர், தன்னைக் கண்டதும் மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்வது யார் என்று பார்த்தார்.